வேணாம் என்ற வீட்டுக்கு மறுநாளும் போனவனுக்கு

மச்சான்,

இன்றைக்கு ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு, தங்கச்சி வீட்டுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நோர்வூட்டில் ஒருவன் வறுத்த கடலைக் கூடையோடு ஏறினான். கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டு வறுத்த கடலை. அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், பக்கத்து சீட்டுக்காரர், அதுவரை போனில் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தவர், பொசுக்கென்று தூங்கிவிட்டார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இமை மட்டும் துடிதுடித்தது.

"பொய்த் தூக்கம் மச்சான், இமையப் பாரு."

நீ என் காதில் சொன்ன மாதிரியே இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவரே பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்தான் என்றுதான் தங்கச்சி வீட்டில் சொல்லப்போகிறேன்.

உனக்கு நான் எழுதுகிற முதல் மடல் இது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில், அடுத்த காம்பராவில் இருப்பவனுக்கு யார் எழுதுவார்கள்? படிப்பை நான் எட்டாம் வகுப்போடு விட்டவன். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்த எங்கள் வாத்தியார், "இது அச்சடிச்சதாடா?" என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது உனக்குத் தெரியும். உனக்கு ஒரு செய்தி கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு முன் எனக்கே ஒன்று விளங்க வேண்டியிருக்கிறது. நம் தேயிலைத் தோட்டத்திலேயே 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்கு உன்னைப் போல் பயந்தவன் கிடையாது. அந்த நீ, அருள்மேரியிடம் போய் எப்படிக் கேட்டாய்? கேட்டதைக்கூட விடு. அதற்கு அடுத்த நாள் காலையில் எப்படி நடந்து போனாய்?

உன் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். டயகமவில் உனக்குப் பெண் கேட்டுப் போனபோது நானும் வந்தேன், பேச்சுக்கு ஒரு ஆள் வேண்டும் அல்லவா. தட்டு வைத்து, வெற்றிலை மடித்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. புறப்படும்போது பெண்ணின் அப்பா, "சொல்லி அனுப்புறோம்" என்றார். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாமல் ஆளை வழியனுப்பி வைக்கிற பேச்சு அது. உனக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் சொல்லி அனுப்புவார்கள் என்று மெய்யாகவே காத்திருந்தாய். டயகமவிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பெண் வேறு வீட்டுக்கு வாழப்போன செய்திதான் கடைசியில் வந்தது.

"இல்லன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே படுத்துத் தூங்கியிருப்பேன் மச்சான். ஒன்னுமே சொல்லலயே."

அதற்குப் பிறகு நீ யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. உன் காம்பராவின் கூரைத் தகரம் ஓட்டையாகி மழை ஒழுகியபோது சட்டியை வைத்துக்கொண்டு படுத்தாயே தவிர ஆபீஸ் பக்கம் போகவில்லை. நான்தான் போய் தோட்டத்தை நடத்துகிற துரையின் மேசையைத் தட்டித் தகரம் வாங்கி வந்தேன். மேசையை நீ எங்கே தட்டினாய் என்று கேட்பாய். தட்டுகிற தூரத்தில்தான் நின்றேன்.

பிறகு பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம், நாம் கொழுந்து அரைக்கிற வேலை பார்த்த தேயிலை ஸ்டோரை மூடினார்கள். நமக்கோ மலையில் இறங்கி வேலை செய்கிற வயது தாண்டிவிட்டது. அப்போதுதான் நானுஓயா ஸ்டேஷனுக்குக் கீழே, மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் குடியிருந்த அருள்மேரி ஆள் தேடினாள். அவளும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்திருந்தான், மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. எறால் வடை சுட்டு ரயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வடை சுட வரும், சுமக்க ஆளில்லை. நமக்குச் சுமக்க வரும், வேறு ஒன்றும் வராது. உனக்கு ஒரு கூடை, எனக்கு ஒரு கூடை.

முதல் நாள் நான் ரயிலையே ஆட்டி வைத்தேன். "இஸ்ஸோ வடே, இஸ்ஸோ வடே" என்று எறால் வடையைச் சிங்களத்தில் கூவி நான் போட்ட சத்தத்தில் என்ஜின் டிரைவர் ஹாரன் அடிக்கவே கூச்சப்பட்டான். வெள்ளைக்காரர்களிடம் நான் பேசிய இங்கிலீஷைக் கேட்டு ஒரு அம்மா, நான் எந்த நாட்டில் படித்தேன் என்று விசாரித்தாள். கூடை காலியாகி உன்னைத் தேடி வந்தால், நீ மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசல் ஓரத்தில் நிற்கிறாய். பழைய ஸ்டோர் காக்கிச் சட்டை, இஸ்திரி போட்டது. கூடை ஒரு கையில், மற்றக் கை தொடையோடு ஒட்டியபடி. வாய் திறக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

"ஏன் மச்சான் நிக்கிற?"

"கூப்புடுவாங்கல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் விளங்கியது. நீ பெரட்டில் நின்றுகொண்டிருந்தாய், மச்சான். காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்போமே, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துத் தரும்வரை, அதே நிலை. கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் நிற்க வேண்டும். இளந்தாரி வயதிலிருந்து அதுதானே பழக்கம். ரயிலிலும் யாராவது உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நீ நின்றாய். கடைசியில் கூப்பிட்டவரும் ஒருவர் இருந்தார், வயதான சிங்கள ஐயா. அவர் உன் காக்கிச் சட்டையைப் பார்த்து, தன் டிக்கெட்டை எடுத்து உன்னிடம் நீட்டினார். நீயும் அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாய்.

"அவரு நீட்டுனாரு. வாங்காம எப்புடி இருக்கிறது?"

அருள்மேரி அன்றைக்கு நிரம்பிய கூடையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். பின்வாசல் படியில் உட்காரச் சொல்லி, உள்ளங்கையில் சர்க்கரைத் துண்டு வைத்து, பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது, "இந்தாங்கண்ணே" என்றாள். உனக்கு, "இங்க பாருங்க, சூடா இருக்கு" என்றாள். அந்த வித்தியாசத்தை முதல் நாளே பிடித்தவன் நான். இதையெல்லாம் கவனிக்க ஒரு தனி மூளை வேண்டும்.

உன் வாய் திறந்தது டனலுக்குள். பட்டிப்பொல தாண்டி அந்தப் பெரிய டனல் வந்ததும் பெட்டியெல்லாம் இருட்டாகி, பிள்ளைகள் 'ஊ' என்று கூவுவார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரல், "வடே... வடே... சூடான வடே" என்று. யாரோ புது ஆள் வந்துவிட்டான் என்று சண்டைக்குத் தயாரானேன். வெளிச்சம் வந்தால் நீ! முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உன் குரலுக்கு நீயே பயந்து நிற்கிறாய். அந்த மூலையிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கையை நீட்டி, "எனக்கு ரெண்டு குடுங்க" என்றாள். ரயிலே கைதட்டியது. சரி, அவள் புருஷன் தட்டினான்.

அதன் பிறகு வெளிச்சத்திலும் கூவப் பழகினாய். ஆனால் ஒருவர் வேணாம் என்பதைச் சிங்களத்தில் 'எப்பா' என்று சொல்லிக் கையை ஆட்டினால் போதும், அதோடு அந்தப் பெட்டிக்குள் கூவ மாட்டாய். அடுத்த ஸ்டேஷன் வரை வாசலில் நின்று காற்றுக் குடிப்பாய். இந்த மனிதன் எப்படிப் பிழைக்கப்போகிறான் என்று நான் கவலைப்பட்ட நேரத்தில்தான் நீ அந்த வேலையைத் தொடங்கினாய். ஒருநாள் படியில் உட்கார்ந்து சாயம் குடிக்கும்போது, "மச்சான், வேணாம்னு சொல்றவங்க ஏன் அவங்கவங்க கையப் பாத்துக்கிறாங்க?" என்று கேட்டாய்.

"யாரு பாக்குறா?"

"நாளைக்குப் பாரு."

பார்த்தேன். மெய்தான். சிலர் கையைப் பார்க்கிறார்கள், சிலர் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லாத மலையைப் புதிதாகப் பார்க்கிறார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அருள்மேரியின் படிக்கட்டுதான் நமக்கு நாடகக் கொட்டகை. அன்றைக்கு யார் யார் எப்படி வேணாம் என்றார்கள் என்று நீ நடித்துக் காட்டுவாய். ஈ ஓட்டுகிற மாதிரி கையாட்டுகிறவர். விலையை மட்டும் கேட்டுவிட்டு, ஏதோ நீ அவரை ஏமாற்ற வந்தவன் போலச் சிரிக்கிறவர். நூறு தடவை தேங்க்யூ சொல்லி, வாங்காமலேயே உன்னைச் சந்தோஷப்படுத்தி அனுப்புகிற வெள்ளைக்காரி. பிள்ளை 'வேணும்' என்று அழ, அதன் வாயைப் பொத்திக்கொண்டு வேணாம் என்கிற தாய். அந்தத் தாயை மட்டும் நீ சிரிப்பாக நடிக்கவில்லை. "அவ வேணாம்னு சொல்றது என்னய இல்ல மச்சான்" என்றாய். பிறகு பொய்த் தூக்கக்காரர்கள். அவர்கள்தான் உனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். ஒருவரிடம் குனிந்து, "ஐயா, வேணாம்னா வேணாம்னே சொல்லுங்க, எனக்கு ஒன்னும் ஆகாது" என்று நீ சொல்ல, அவர் ஒரு கண்ணைத் திறந்து, "அப்ப ஒன்னு குடு" என்றாரே!

அருள்மேரி சிரித்துச் சிரித்து அடுப்பில் வடையைக் கருக்கினாள். நான் சொல்கிற கதைகளுக்கு அவள் இத்தனை சிரித்ததில்லை. அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணேன்னு உன்னக் கூப்புடவே இல்ல, கவனிச்சியா?" என்று ஏற்றிவிட்டேன்.

"வாயில வரலயா இருக்கும்."

"எனக்கு வருதே!"

"ஒன்னப் பாத்தா எல்லாருக்கும் வரும்."

ரொம்ப நாள் யோசித்தாய். என்ன யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ரயிலில் வேணாம் என்றால் அடுத்த சீட்டுக்குப் போகலாம். இங்கே அடுத்த சீட்டு கிடையாது. அவள் வேணாம் என்றால் அந்தப் படிக்கட்டு போய்விடும், சாயத்தண்ணி போய்விடும், கூடையும் போய்விடும். அவள் மதமும் உன் மதமும் வேறு, அவள் மகன் என்ன சொல்வானோ. லயத்தில் நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? "கேக்காம இருந்தா இருக்கிறதாவது இருக்கும்" என்றாய். பிறகு நீயே, "ஆனா அவ மனசுல என்ன இருக்குன்னு தெரியாமலே செத்துப்போயிருவேனே மச்சான்" என்றாய். அதைச் சொன்னபோது உன் முகத்தில் பயத்தைவிட வேறு என்னவோ கூடுதலாக இருந்தது. மூடிய சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நினைக்கிற முகம்.

மழை பிடித்த ஒரு பின்னேரம், என்னைக் கடைக்குத் தேங்காய் வாங்கப் போகச் சொன்னாய். போகிற ஆளா நான்? வீட்டுக்குப் பின்னால் மலைத் தண்ணி பீலி வழியாக விழுகிற இடத்தில், விறகுக் கட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். உன்னிடம் இதுவரை நான் அங்கே இருந்ததாகச் சொன்னதில்லை. நீ நடந்ததை எனக்குச் சொன்னபோது முதல் தடவை கேட்கிற மாதிரி வாயைப் பிளந்து கேட்டேன். நடிப்பில் நான் உனக்குக் குறைந்தவனா?

"இங்க பாருங்க, சாயம் ஆறுது."

"ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க."

"எனக்கு சுத்தி வளைச்சுப் பேச வராது."

"தெரியுமே."

"நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துட்டா என்னங்க?"

எண்ணெய் இரைகிற சத்தம். அவள் ஒரு வடையைத் திருப்பிப் போட்டாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் விறகுக் கட்டு ஆடியது.

"வேணாங்க" என்றாள்.

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். ஏன்னு கேக்கலாமா? கோவத்துல இல்ல, தெரிஞ்சுக்கத்தான்."

அவளுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அவரு இருந்த வரைக்கும், குடிச்சிட்டு எந்நேரம் வந்தாலும் எந்திரிச்சுக் கதவத் தொறந்தேன். இப்பத்தாங்க படுத்தா விடியிற வரைக்கும் படுத்திருக்கேன். ஒங்களச் சொல்லல. நீங்க அப்படி ஆளு இல்ல. ஆனா அந்தத் தூக்கத்த யாருக்கும் குடுக்க மனசு வரல."

"நாயந்தான்."

"கோவமா?"

"இல்லங்க. நல்லா வெளங்குது."

"நாளைக்கு வருவீங்களா?"

நீ கூடையை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மழையில் நடந்து போனாய்.

மறுநாள் காலையில் உன் காம்பராவுக்கு வந்தேன். சட்டை போட்டு, தலை சீவி, ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். மற்றச் செருப்பு கையில்.

"கேக்குறதுக்குத்தான் பயம்னு நெனச்சிருந்தேன் மச்சான். அது ஒன்னுமே இல்ல. இப்ப போறதுக்குத்தான் கால் வரல."

"நான் போயி ரெண்டு கூடையும் தூக்கிட்டு வாறேன். ஒனக்குக் காய்ச்சல்னு சொல்லிர்றேன்" என்றேன். ரெண்டென்ன, நாலு கூடையும் தூக்குவேன்.

"எத்தன நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லுவ?"

"சாகுற வரைக்கும் சொல்றேன்."

நீ சிரித்தாய். பிறகு யோசித்தாய்.

"நான் போகலன்னா அவ என்ன நெனைப்பா? வேணாம்னு சொன்னது குத்தம்னு நெனைப்பா. பாவம், அவ எவ்வளவு கஷ்டப்பட்டு நேரா சொன்னா! சொல்லி அனுப்புறேன்னு சொல்லிருந்தா அவளுக்கு லேசு."

மற்றச் செருப்பை மாட்டினாய். ஸ்டேஷன் இறக்கத்தில் ஒரு இடத்தில் நின்றாய், திரும்பப் போகிறாய் என்றே நினைத்தேன். பனியில் நனைந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி நடந்தாய். இதைத்தான் நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் நின்றபோது உனக்குள் என்ன நடந்தது? நான் உன்னைத் தள்ளவில்லை. என் பேச்சுத் திறமையால் உன்னை அனுப்பி வைத்தேன் என்று நானுஓயா பஜாரில் சொல்லியிருக்கிறேன். ஆனால் உண்மையில் எனக்கு அப்போது வாயே வரவில்லை.

வாசலில் இரண்டு கூடையும் தயாராக இருந்தன. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணும் தூங்கிய கண்ணாக இல்லை. எப்போதும் போல ஒரு வடையை எடுத்து உன்னிடம் நீட்டினாள்.

"இங்க பாருங்க, உப்பு பாத்துச் சொல்லுங்க."

நீ மென்றாய். "கொஞ்சம் தூக்கல்" என்றாய்.

"இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. படியில் இறங்கியதும் நீ என் பக்கம் சாய்ந்து, "இன்னமும் அண்ணேன்னு சொல்லல, கவனிச்சியா?" என்றாய்.

அன்றைக்கு ரயிலில் நீ கூவியதைப் போல நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. யார் வேணாம் என்றாலும் "சரிங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனாய். கடைசிப் பெட்டி வரை போனாய். உப்புத் தூக்கலான வடை எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு அவள் கேக் வெட்டும்போது நீ கேட்பதும், அவள் சொல்வதும் ஒரு பழக்கமாகிவிட்டது. "இந்த வருசம் எப்புடிங்க?" "வேணாங்க, கேக் எடுத்துக்கோங்க." மூன்று பேரும் சிரிப்போம். அவள் மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தபோதுகூட நீ கேட்டாய். அவனும் சிரித்தான். நம் தோட்டத்தில் புருஷன் பெண்சாதி பேசிக்கொள்ளாத வீடுகள் எத்தனையோ இருக்க, வேணாம் என்று சொல்லப்பட்ட நீயும் சொன்ன அவளும் ஒவ்வொரு சாயங்காலமும் பேசித் தீர்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

போன நத்தாருக்கு நீ நுவரெலியா ஆஸ்பத்திரியில். மூச்சு வாங்கியது. அருள்மேரி கேக்கும் கஞ்சியும் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நீ கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினாய், ரயில் பிந்தி வருவதைப் பற்றிப் பேசினாய். நான் கண்ணைக் காட்டினேன், நீ பார்க்காத மாதிரி இருந்தாய். பழைய பயம் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தேன். பொங்கலுக்கு முன்னமே நீ போய்விட்டாய்.

இப்போது செய்திக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.

"அண்ணே, அவரு அன்னைக்கு ஏன் கேக்கலன்னு தெரியுமா?"

"பயந்துட்டான்" என்றேன்.

"பயமில்ல. படுத்த படுக்கையில கேட்டா நான் பாவம் பாத்து சரின்னு சொல்லிருவேன்னு கேக்கல. திரும்ப எந்திரிச்சுக் கதவு தொறக்க வச்சிருவோமேன்னு."

எனக்கு இது தோன்றவே இல்லை, மச்சான். என் மூளைக்கு எட்டவில்லை.

"அப்ப கேட்டிருந்தா?" என்றேன்.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அவரு கேக்கலன்னா என்ன, நான் கேட்டிருக்கலாம்லண்ணே? கேக்கணும்னுதான் அன்னைக்கு வந்தேன். கஞ்சிய ஊட்டிட்டுக் கேப்போம்னு நெனச்சேன். வாய் வரல. அவரு வேணாம்னு சொல்லிருவாரோன்னு பயமா இருந்திச்சு. அத்தன வருசம் என்கிட்ட எப்புடிக் கேட்டாரோ."

நான் என்ன செய்வேன் சொல்? இதற்கு முன் ஒருவரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. சட்டென்று சொல்லிவிட்டேன்:

"அவன் சரின்னுதான் சொல்லியிருப்பான், அருள்மேரி."

"நீங்க எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவீங்க."

"இதுல கூட்டுறதுக்கு ஒன்னும் இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போனாள்.

உன்னைக் கேட்காமல் உனக்காகப் பதில் சொல்லிவிட்டேன், மச்சான். அதை வாங்கிக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. தினமும் சாயம் குடிக்கும்போது அவள் முகத்தில் தேடிப் பார்க்கிறேன். நான் சொன்னது தப்பென்றால் நீ வந்து திருத்து. அதுவரைக்கும் அவள் எப்போது கேட்டாலும், அதே பதிலைத்தான் சொல்வேன்.